கெடு எங்களுக்கு மட்டும்

சித்தி மகன் அரிசோனாவில் எம்.எஸ். படித்துக்கொண்டிருந்தான். 2024 ஏப்ரல் கடைசியில் ஃபோன் செய்து, "அக்கா, ஓ.பி.டி.க்கு பிரீமியம் கட்டிடட்டுமா, இல்ல சும்மாவே வெயிட் பண்ணட்டுமா?" என்று கேட்டான். மே மாதம் பட்டம். ஜூன் 10 அன்று வேலையில் சேர வேண்டும். படித்து முடித்த வெளிநாட்டு மாணவர் அமெரிக்காவில் 12 மாதம் வேலை பார்க்கத் தரும் அனுமதிதான் ஓ.பி.டி. அதற்கான விண்ணப்பம் ஏப்ரல் முதல் வாரமே போய்விட்டது. பிரீமியம் என்றால் விரைவாக முடித்துத் தருவதற்கான கூடுதல் கட்டணம், 1,685 டாலர், நம்மூர்க் கணக்கில் ஒரு லட்சத்து நாற்பதாயிரம் ரூபாய். விண்ணப்பக் கட்டணம் 470 டாலரை ஏற்கெனவே கட்டிவிட்டான், இது அதற்கு மேல். "கட்டிடுடா" என்று உடனே சொன்னேன். இன்று கேட்டாலும் அதையேதான் சொல்வேன். ஆனால் ஃபோனை வைத்த பிறகு ஒரு கோபம் வந்து உட்கார்ந்தது. ஜூலை வந்தும் அது போகவில்லை. எதன் மேல் கோபம் என்று எனக்கே தெளிவாக வேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

படிக்கிறவர்களில் பாதிப் பேர் இந்த வரிசையில் நின்றவர்களாக இருப்பீர்கள், மீதிப் பேர் வீட்டில் யாராவது ஒருவர் நின்றிருப்பார். அதனால் ஓ.பி.டி. பற்றி இதற்கு மேல் விரிவாகச் சொல்லப்போவதில்லை. நமக்கு விதித்திருக்கும் கெடுக்களை மட்டும் ஒரு முறை வரிசையாக நினைத்துப் பாருங்கள். படிப்பு முடிவதற்கு 90 நாளுக்கு முன்னால் விண்ணப்பிக்கக் கூடாது. முடிந்து 60 நாளுக்குப் பின்னாலும் கூடாது. பல்கலைக்கழக அதிகாரி கணினியில் பரிந்துரை ஏற்றிய 30 நாளுக்குள் விண்ணப்பம் போய்ச் சேர வேண்டும். வேலை தொடங்கலாம் என்ற தேதி வந்த பிறகு மொத்தம் 90 நாளுக்கு மேல் வேலையில்லாமல் இருக்கக் கூடாது. வீடு மாறினால் 10 நாளுக்குள் சொல்ல வேண்டும், வேலை மாறினாலும் அப்படியே. இந்தத் தேதிகளைத் தாளில் எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி வைத்திருக்கும் வீடுகளில்தான் நாம் எல்லோரும் இருந்தோம். இதில் ஒன்று தவறினாலும் மன்னிப்பு என்பது கிடைக்காது என்று தெரிந்தே இருந்தோம். சரி, அந்த வேலை அனுமதி அட்டையை இத்தனை நாளுக்குள் கொடுத்தாக வேண்டும் என்று எதிர்ப்பக்கத்தில் இருக்கும் அமெரிக்கக் குடியேற்ற அலுவலகத்துக்கு ஏதாவது கெடு இருக்கிறதா? எவ்வளவு தேடினாலும் கிடைக்காது. ஆனால் ஒரு காலத்தில் இருந்தது.

2019 கோடை

நான் விண்ணப்பித்தது 2019-ல். அப்போது ஆன்லைன் வசதி வரவில்லை, அது 2021 ஏப்ரலில்தான் வந்தது. ஐ-765 என்ற விண்ணப்பப் படிவத்தை அச்சடித்து, கறுப்பு மையில் கட்டத்துக்கு வெளியே போகாமல் கையெழுத்துப் போட்டு, இரண்டு இஞ்சுக்கு இரண்டு இஞ்சு புகைப்படம் இரண்டு எடுத்து, அதன் பின்னால் பென்சிலில் பெயரெழுதி, 410 டாலருக்குக் காசோலை வைத்து உறையை அனுப்பினேன். அது போய்ச் சேர்ந்து பிரித்துவிட்டார்கள் என்பதற்கு முதல் தடயம் ரசீதுக் கடிதம் இல்லை. நம் வங்கிக் கணக்கில் அந்த 410 டாலர் குறைவதுதான். காசோலை பணமானால் அதன் பின்பக்கப் படத்தை வங்கித் தளத்தில் பெரிதாக்கிப் பார்ப்போம். அங்கே ரசீது எண் அச்சாகியிருக்கும். தபாலில் கடிதம் வருவதற்கு முன்பே கேஸ் ஸ்டேட்டஸ் பார்க்க அந்த எண் போதும். இந்த வித்தையை எனக்குச் சொல்லிக்கொடுத்தவள் என் ரூம்மேட். நாகர்கோவில் பெண், சமூகப்பணியில் முதுகலை படித்தவள். டாலஸ் பக்கம் நாலு பேர் ஒரு வீட்டில் இருந்தோம். நான் கம்ப்யூட்டர், அவள் சமூகப்பணி, மற்ற இருவரும் ஹைதராபாத்காரர்கள்.

அந்த வருடம் எல்லோருக்கும் இழுத்தது. வழக்கமாக மூன்று மாதத்துக்குள் முடிகிற வேலை ஐந்து மாதம் வரை நீண்டது. கோடைப் பயிற்சிக்குச் சேர வேண்டிய மாணவர்கள் பலருக்கு அந்த இடமே போனது, அதெல்லாம் பத்திரிகையிலும் வந்தது. எனக்கு ஆஃபர் கையில் இருந்தது. ஜூலை 1 சேர வேண்டும். மார்ச்சிலேயே விண்ணப்பித்துவிட்டதால் தாராளமாக நேரம் இருக்கிறது என்றுதான் எல்லோரும் சொன்னார்கள்.

வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு ஒன்று புரிவதில்லை. படிப்பு முடியும் தேதியோடு கேம்பஸ் வேலையும் முடிந்துவிடும். நான் நூலகத்தில் வாரம் 20 மணி நேரம் வேலை பார்த்தேன். மே மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமையோடு அது நின்றது. மறுநாளிலிருந்து இந்த நாட்டில் சட்டப்படி ஒரு டாலர்கூடச் சம்பாதிக்க வழியில்லை. மாணவர் காப்பீடும் அந்தப் பருவத்தோடு காலாவதி. வாடகை மட்டும் மாதம் தவறாமல் ஒன்றாம் தேதி வரும். கும்பகோணத்தில் அப்பா வீட்டுப் பத்திரத்தை வங்கியில் வைத்துத்தான் கடன் வாங்கியிருந்தார். ஏழரை லட்சத்துக்கு மேல் என்றால் ஈடு கேட்பார்கள். தவணை ஆரம்பிக்க அவகாசம் உண்டு, ஆனால் வட்டி அவகாசம் பார்ப்பதில்லை.

காசைவிடப் பெரிய சங்கடம் வீட்டுக்குப் பதில் சொல்வது. வேலை கிடைத்துவிட்டது என்று ஏப்ரலிலேயே சொல்லியாகிவிட்டது. அப்பா பெருமாள் கோயிலில் அர்ச்சனை செய்து, தெருவில் நாலு வீட்டுக்குச் சொல்லியும் விட்டார். ஜூலை போனது. "வேலை கெடச்சாச்சுன்னுதானேம்மா சொன்ன, அப்புறம் ஏன் இன்னும் சேரல?" என்று கேட்டார். கார்டு வர வேண்டும் என்றேன். என்ன கார்டு, யார் தர வேண்டும், எப்போது தருவார்கள் என்றார். முதல் இரண்டுக்கும் பதில் இருந்தது. மூன்றாவதுக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அவர் 30 வருடம் மின்வாரியத்தில் இருந்தவர். ஒரு மனு எந்த மேசையில் இருக்கிறது, அது நகர எத்தனை நாளாகும் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. அமெரிக்காவில் ஒரு மனு எங்கே இருக்கிறது என்று மனுப் போட்டவளுக்கே தெரியாது என்பதை அவரால் நம்ப முடியவில்லை. வேலை போய்விட்டதை மறைக்கிறேனோ என்று அம்மாவிடம் கேட்டிருக்கிறார். அம்மா அதை என்னிடம் சொன்ன இரவு நான் தூங்கவில்லை.

ரூம்மேட்டின் அண்ணன் கல்யாணம் அந்த ஜூன் மாதம் நாகர்கோவிலில் நடந்தது. விண்ணப்பம் நிலுவையில் இருக்கும்போது ஊருக்குப் போகக் கூடாது என்று தடையொன்றும் கிடையாது. ஆனால் வெளியே இருக்கும் நேரத்தில் விண்ணப்பம் முடிவானால், அட்டையும் வேலைக் கடிதமும் கையில் இல்லாமல் திரும்பி நுழைவது பெரிய சிக்கல். அட்டையோ இங்கே டாலஸ் தபால்பெட்டிக்கு வரும். எப்போது முடிவாகும் என்று தெரிந்தால் அதற்கு முன் போய்விட்டு வந்துவிடலாம். தெரியாததால் எந்த நாளுமே போக முடியாத நாள்தான். அண்ணன் தாலி கட்டும் நேரத்துக்கு அவள் எங்கள் ஹாலில் பட்டுப்புடவை கட்டி உட்கார்ந்து லேப்டாப்பில் பார்த்தாள். நடுவில் வீடியோ நின்று நின்று வந்தது.

அட்டைக்காகக் காத்திருக்கும் வீடுகளில் காலை எப்படி விடியும் என்பதையும் சொல்ல வேண்டும். தபால்துறையில் ஒரு இலவச வசதி உண்டு. அன்றைக்கு நம் பெட்டிக்கு வரப்போகும் உறைகளைப் படமெடுத்துக் காலையிலேயே மின்னஞ்சலில் அனுப்பிவிடுவார்கள். நாலு பேரும் கண்ணைத் திறந்ததும் முதலில் திறப்பது அந்த அஞ்சலைத்தான். கறுப்பு வெள்ளையில், கொஞ்சம் மங்கலாக, கிரெடிட் கார்டு விளம்பரம், பீட்சா கூப்பன், முன்னால் குடியிருந்தவர் பெயரில் ஏதோ ஒரு பில். அப்புறம் கேஸ் ஸ்டேட்டஸ் பக்கம். அங்கே விண்ணப்பம் பெறப்பட்டது என்ற அதே வாசகம் மாதக்கணக்கில் நிற்கும். ஹைதராபாத் பெண்களில் ஒருத்திக்கு அது ஒரு நாள் மாறியது. சமையலறையிலிருந்து அவள் போட்ட சத்தத்தில் எல்லோரும் ஓடினோம், கட்டிப்பிடித்தோம். அவள் எங்களுக்குப் பின்னால் விண்ணப்பித்தவள். அதைப் பற்றி யாரும் பேசவில்லை, ஆனால் எல்லோருக்கும் அது தெரியும்.

என்னை எடுத்த நிறுவனம் பெரியது. சேரும் தேதியை ஒத்திப்போட்டார்கள், பிறகு இன்னொரு தடவையும் ஒத்திப்போட்டார்கள், கடைசியில் சேர்ந்தேன். நாகர்கோவில் ரூம்மேட்டை எடுத்தது ஒரு சின்னத் தொண்டு நிறுவனம். ஜூலை 1 அன்று தொடங்கும் ஓராண்டு நிதியில் உருவான பதவி அது. வேலையில் சேர்ந்த மூன்று வேலை நாளுக்குள் அசல் ஆவணத்தைப் பார்த்துப் படிவத்தில் ஏற்ற வேண்டும் என்பது அவர்களுக்கு இருக்கும் கெடு. அட்டை இல்லாமல் சேர்த்துக்கொள்ள முடியாது, இடத்தைக் காலியாக வைத்திருக்கவும் முடியாது. ஜூலை கடைசியில் வேறொருவரை எடுத்துவிட்டோம் என்று மிகவும் வருத்தப்பட்டு ஒரு கடிதம் எழுதினார்கள். அவளுடைய அட்டை ஆகஸ்ட் கடைசியில் வந்தது. அதிலும் ஒரு வெட்டு. ஓ.பி.டி. 12 மாதம் என்று பேச்சு, ஆனால் படிப்பு முடிந்த 14 மாதத்துக்குள் அது முடிந்தாக வேண்டும் என்று விதி. மே மாதத்திலிருந்து 14 மாதம் என்றால் அடுத்த ஜூலை. தாமதமானதற்காக அந்த முடிவுத் தேதி ஒரு நாளும் நகராது. ஆக அவள் கைக்கு வந்தது பத்தரை மாதம்தான். படித்தது ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) படிப்பில்லை, அதனால் 24 மாத நீட்டிப்பும் கிடையாது. எச்-1பி என்ற வேலை விசாவுக்கான லாட்டரியில் ஒரே ஒரு வாய்ப்பு.

பழைய விதி

இந்த விஷயத்தில் என் மனதை மாற்றியது ஒரு அரைமணி நேரம். அந்த ஆகஸ்டில் ரூம்மேட்டோடு பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்துக்குப் போயிருந்தேன். வேலை போன கடிதத்தை வைத்துக்கொண்டு ஏதாவது செய்ய முடியுமா என்று கேட்கத்தான் போனோம். அங்கே வயதான ஒரு ஆலோசகர் அம்மா உண்டு. ரிட்டையர்மென்ட்டுக்கு ஒரு வருடமோ என்னவோ பாக்கி. அவர் கடிதத்தை முழுவதும் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார். "நீ மூன்று வருடம் முன்னால் வந்திருந்தால் இன்றைக்கு என்னால் ஒரு ஃபோன் செய்திருக்க முடியும்" என்றார். பின்னால் இருந்த அலமாரியிலிருந்து ஒரு தடித்த கோப்பை எடுத்துப் பக்கத்தைப் புரட்டி எங்கள் பக்கம் திருப்பினார். பழைய விதித்தொகுப்பின் அச்சுப் பிரதி. ஓரத்தில் மஞ்சள் மை தீட்டியிருந்தது.

அதில் இருந்ததன் சாரம் இதுதான். வேலை அனுமதி விண்ணப்பம் கிடைத்த 90 நாளுக்குள் முடிவெடுக்க வேண்டும். முடியாவிட்டால் 240 நாள் வரை செல்லுபடியாகும் தற்காலிக அனுமதி அட்டை தர வேண்டும். ஓ.பி.டி. மாணவர்களுக்கும் இது பொருந்தியது. 2016 நவம்பரில் உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை ஒரு நீண்ட விதித்திருத்தம் வெளியிட்டது. பெரும்பாலும் வேலைவழிக் குடியேற்றத்தைப் பற்றியது, அதில் பல நல்ல அம்சங்களும் உண்டு. அதன் ஊடாக இந்த 90 நாள் விதியையும் தற்காலிக அட்டையையும் எடுத்துவிட்டார்கள். 2017 ஜனவரி 17 முதல் அது நடைமுறைக்கு வந்தது. அட்டைகளை இப்போது பாதுகாப்பான முறையில் ஒரே இடத்தில் தயாரிக்கிறோம், தற்காலிக அட்டை மோசடிக்கு இடம் கொடுக்கும் என்பது அவர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று. ஈடாக, அனுமதியைப் புதுப்பிக்கும் சில பிரிவினருக்கு 180 நாள் தானாக நீட்டிப்புக் கொடுத்தார்கள். முதல் முறை கேட்கும் மாணவருக்கு அந்த ஈட்டில் பங்கில்லை. அவரிடம் நீட்டிக்க ஒன்றுமே இல்லையே.

அந்த அம்மா இன்னொன்றும் நியாயமாகச் சொன்னார். தற்காலிக அட்டை கடைசிக் காலத்தில் யார் கைக்கும் அவ்வளவு எளிதாக வந்துவிடவில்லையாம். ஆனால் விதி இருந்ததால் 75 நாள் ஆனதுமே ஃபோன் செய்து "இன்னும் 15 நாள்தான் இருக்கிறது" என்று சொல்ல முடிந்தது, அந்தக் கோப்பு உடனே நகர்ந்தது என்றார். "இப்போது நான் ஃபோன் செய்து எதைக் காட்டிக் கேட்பேன்?" என்று அவர் கேட்டது எனக்கு இன்னும் நினைவில் இருக்கிறது. அதுவரைக்கும் இந்தத் தாமதத்தை நான் வானிலை போலத்தான் எடுத்துக்கொண்டிருந்தேன். ஆள் பற்றாக்குறை, கூட்டம், நம் நேரம் என்று. அந்தப் பக்கத்தைப் பார்த்ததும் அந்த எண்ணம் போய்விட்டது. காத்திருப்புக்கு ஒரு எல்லை இருந்திருக்கிறது. ஒரு குறிப்பிட்ட தேதியில் மனிதர்கள் உட்கார்ந்து அதை எடுத்திருக்கிறார்கள்.

எல்லை இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பது அடுத்த வருடமே தெரிந்தது. 2020 கடைசியில் விண்ணப்ப உறைகள் பிரிக்கப்படாமலே வாரக்கணக்கில் கிடந்தன. சின்னப் பிழைக்காகத் திருப்பி அனுப்பினால், மாணவர் கைக்கு அது வருவதற்குள் அவருடைய 30 நாள் கெடு முடிந்திருக்கும். கூச்சல் பெரிதான பிறகு 2021 பிப்ரவரி 26 அன்று சலுகை அறிவித்தார்கள். 2020 அக்டோபர் 1 முதல் 2021 மே 1 வரை விண்ணப்பித்தவர்களுக்கு அந்த 14 மாதக் கணக்கை அனுமதி கிடைத்த நாளிலிருந்து எண்ணலாம் என்றார்கள். நல்ல காரியம்தான். அந்த 14 மாதத்தை நகர்த்த முடியும் என்று அவர்களே ஒப்புக்கொண்டதாகவும் ஆனது. என் ரூம்மேட் அதற்குள் ஊருக்குப் போய்விட்டாள். கிடைத்த அந்தப் பத்தரை மாதத்தில் ஒரு மருத்துவமனையில் வேலை பார்த்தாள், லாட்டரியில் பெயர் வரவில்லை. 2020 ஜூலையில், கொரோனா காலத்தில் விட்ட வந்தே பாரத் சிறப்பு விமானத்தில் இடம் பிடித்துக் கிளம்பினாள்.

விலைக்கு வந்த கெடு

இப்போது சித்தி மகனுடைய பிரீமியத்துக்கு வருகிறேன். 2020 அக்டோபரில் அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டு, பணம் கட்டினால் விரைவாக முடித்துத் தரும் வசதியை மேலும் பல விண்ணப்பங்களுக்கு விரித்தது. ஓ.பி.டி.க்கு அது 2023 மார்ச்சில் வந்து சேர்ந்தது. முதலில் 1,500 டாலர், 2024 பிப்ரவரியிலிருந்து 1,685. கட்டினால் 30 வேலை நாளுக்குள் பதில். அந்த நாளுக்குள் முடிக்காவிட்டால் பிரீமியம் தொகையைத் திருப்பித் தர வேண்டும்.

கோபம் எதன் மேல் என்று எனக்குப் பிடிபட்டது இங்கேதான். மேலதிகப் பணம் வாங்குகிறார்கள் என்பது மட்டும் இல்லை. 2017-ல் எல்லோரிடமிருந்தும் எடுத்த ஒன்றை 2023-ல் பணம் இருப்பவருக்கு மட்டும் திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள். ஒரு கெடு, அது தவறினால் அலுவலகத்துக்கு ஒரு நஷ்டம். இந்த இரண்டும் முன்பு ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் இருந்தவை. இன்று பிரீமியம் கட்டிய விண்ணப்பத்துக்கு மட்டும்தான் இருக்கின்றன. முன்பு மாணவருக்குக் கிடைத்த ஈடு வேலை செய்யும் உரிமை. இப்போது கிடைப்பது கட்டிய பணம்.

இதற்கு எதிர்வாதம் உண்டு, அதை ஒதுக்கிவிட முடியாது. அந்த அலுவலகம் வரிப்பணத்தில் நடப்பதில்லை, ஏறக்குறைய முழுக்கவே விண்ணப்பக் கட்டணத்தில் நடக்கிறது. பிரீமியம் வருமானத்தில் ஆள் எடுத்தால் எல்லோருக்கும் வரிசை நகரும் என்கிறார்கள். பணம் கட்டாதவர்களின் காத்திருப்பு இதனால் கூடக் கூடாது என்று அந்தச் சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. ஆன்லைன் வந்த பிறகு, 2024-ல் சாதாரண விண்ணப்பங்களும் 2019-ஐவிட வேகமாகத்தான் முடிந்தன, அதையும் மறுக்கவில்லை. ஆனால் இந்த வேகம் அந்தந்த நேரத்து நிலவரம், அவ்வளவுதான். நாளைக்கு வேறு நிர்வாகம், வேறு முன்னுரிமை என்றால் அது மறுபடி ஐந்து மாதமாகலாம். அப்படி ஆகும்போது கேட்பதற்குக் கையில் ஒரு வரிகூட இருக்காது. வரி இருந்தால் என்ன நடக்கும் என்பதற்குப் பக்கத்திலேயே உதாரணம் உண்டு. தஞ்சம் கோரி வந்தவர்கள் முதல் முறை வேலை அனுமதி கேட்டால் 30 நாளில் முடிவெடுக்க வேண்டும் என்று தனி விதி இருந்தது. அது மீறப்பட்டுக்கொண்டே வந்தது. வழக்குப் போட்டார்கள். 2018 ஜூலையில் சியாட்டிலில் உள்ள ஃபெடரல் நீதிமன்றம் அந்த 30 நாளைக் கடைப்பிடித்தே ஆக வேண்டும் என்று உத்தரவிட்டது. 2020-ல் அந்த விதியையும் எடுக்கப் பார்த்தார்கள், 2022-ல் இன்னொரு நீதிமன்றம் அந்த நீக்கம் செல்லாது என்றது. எழுதி வைத்த நாள்கணக்கு இருந்தால் ஏழை மனிதனும் வழக்காட முடிகிறது.

சித்தி மகனுக்கு மே மூன்றாவது வாரத்திலேயே அட்டை வந்துவிட்டது. ஜூன் 10 அன்று வட கரோலினாவில் சேர்ந்துவிட்டான். சித்தி ஃபோனில் அழுதுகொண்டே சொன்னார், எனக்கும் சந்தோஷம்தான். அவனோடு ஒரே அறையில் இருந்த வாரங்கல் பையன் அதே வாரம், அதே படிப்புக்கு, அதே படிவத்தை அனுப்பியவன். அவன் அப்பா பருத்தி விவசாயி. ஏற்கெனவே வாங்கிய கடனுக்கு மேல் இன்னொரு ஒன்றரை லட்சம் கேட்க அவனுக்கு வாய் வரவில்லை. நான் இதை எழுதும் 2024 ஜூலையில் அவன் இன்னும் காத்திருக்கிறான். பிரீமியம் கட்ட நான் கடனாகத் தருகிறேன் என்று சொல்லிப் பார்த்தேன், "பரவால்ல அக்கா, வந்துடும்" என்று தெலுங்கு கலந்த தமிழில் சொன்னான். அவன் சேர வேண்டிய தேதியை நிறுவனம் ஆகஸ்டுக்குத் தள்ளியிருக்கிறது.

செய்ய முடிகிற காரியம்தான்

மோசடி பயம், பாதுகாப்பான அட்டை என்ற வாதத்தை நான் முழுவதுமாக ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் அட்டை இல்லாமலே மாணவரை வேலை செய்ய விடுவது இந்த அமைப்புக்குப் புதிதில்லை. படிக்கும்போதே செய்கிற சி.பி.டி. பயிற்சிக்கு எந்த அட்டையும் வேண்டாம். பல்கலைக்கழகம் தரும் ஐ-20 என்ற மாணவர் சான்றிதழில் அதன் அதிகாரி அனுமதி ஏற்றினால் போதும், பெரிய பெரிய நிறுவனங்கள் அந்தத் தாளைப் பார்த்துத்தான் சேர்த்துக்கொள்கின்றன. நானே அப்படி ஒரு கோடை முழுக்க வேலை பார்த்தேன். ஸ்டெம் நீட்டிப்புக்கு நேரத்தில் விண்ணப்பித்தவர் பழைய அட்டை காலாவதியான பிறகும் 180 நாள் வரை வேலையைத் தொடரலாம், அதற்கும் பழைய அட்டையோடு சேர்த்துக் காட்டுவது அதிகாரி கையெழுத்திட்ட அதே ஐ-20 தான். சி.பி.டி.க்கும் நீட்டிப்புக்கும் நம்பத் தகுந்த தாள், இரண்டுக்கும் நடுவில் வரும் முதல் ஓ.பி.டி.க்கு மட்டும் ஏன் நம்பத் தகாததாகிறது என்று எனக்கு விளங்கவில்லை.

ஆகவே நான் கேட்பது பெரிய சீர்திருத்தமெல்லாம் இல்லை. நேரத்தில் விண்ணப்பித்த மாணவருக்கு 90 நாள் ஆகியும் பதில் வரவில்லை என்றால், ரசீதும் ஐ-20-யும் வைத்து 180 நாள் வரை வேலை செய்யலாம் என்று விதியில் சேர்க்க வேண்டும். கூடவே, தாமதமான நாட்களை அந்த 14 மாதக் கணக்கிலிருந்து கழிக்க வேண்டும், 2021-ல் செய்தது போல. பிரீமியம் வேண்டுமானால் அது பாட்டுக்கு இருக்கட்டும், அவசரமானவர்கள் கட்டட்டும். இப்படிப்பட்ட விதித்திருத்தங்கள் வரும்போது பொதுமக்கள் கருத்தைக் கேட்பார்கள். கருத்துச் சொல்லக் குடியுரிமை வேண்டியதில்லை, விசாவில் இருப்பவரும் எழுதலாம். 2016 திருத்தத்துக்கும் முன்கூட்டியே வரைவு வெளியிட்டு, ஆயிரக்கணக்கான கருத்துகள் வந்த பிறகுதான் முடிவு செய்தார்கள். அப்போது நான் கும்பகோணத்தில் ஜி.ஆர்.இ.க்குப் படித்துக்கொண்டிருந்தேன், எனக்கு அது தெரிய வழியில்லை. அடுத்த தடவை வரைவு வந்தால் இந்த இரண்டு கோரிக்கையையும் ஆங்கிலத்தில் எழுதி இங்கேயே போடுகிறேன். உங்கள் கதையைச் சேர்த்து, உங்கள் பெயரில் அனுப்புங்கள்.